ஒரே கொட்டாய்ல நாலு கோழி அடை, குஞ்சும் முட்டையும் கலந்துடுச்சு, யாராவது வழி சொல்லுங்க

கிணத்துமேடு

எல்லாருக்கும் வணக்கம். வேடசந்தூர் பக்கம் தோட்டத்து வீடு, 13 பெட்டை 2 சேவல் வச்சிருக்கேன், பெரும்பாலும் சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), ஒண்ணு மட்டும் பெருவிடை (பெரிய உடம்பு) கலப்பு. இதுவரைக்கும் ஒரு நேரத்துக்கு ஒரு கோழிதான் அடைக்குப் படுக்கும், அதனால பெருசா தொந்தரவு வந்ததில்ல. இந்த மாசியில ஒண்ணு பின்னாடி ஒண்ணா நாலு படுத்துக்கிச்சு.

முதல்ல செவலை, அதுக்கு 10 முட்டை வச்சேன். ஒரு வாரம் கழிச்சு கருப்பிக்கு 9 முட்டை, செவலைக்குப் பக்கத்துலயே இன்னொரு கூடை. ரெண்டும் பழைய மாட்டுக்கொட்டாய்ல ஒரே மூலை. மத்த கோழிங்க முட்டை விடறதும் அதே மூலைதான், அங்கதான் தப்பு பண்ணிட்டேன்னு இப்ப தெரியுது. செவலை தீனிக்கு எந்திரிக்கிற நேரம் பார்த்து வேற கோழிங்க அது கூடையில ஏறி முட்டை விட்டிருக்கு, நான் எண்ணிப் பார்க்கல, 10 வச்ச எடத்துல 16 ஆயிருச்சு.

நேத்து 21வது நாள். காலையில செவலைக்கு அடியில 6 குஞ்சு. மதியம் போய்ப் பார்த்தா கருப்பியும் செவலை கூடையில ஏறிப் படுத்திருக்கு, அதோட 9 முட்டையும் ஆறிப் போய்க் கிடக்கு, எவ்வளவு நேரமா அப்படிக் கிடந்துச்சுன்னு தெரியல. கருப்பியைத் தூக்கி அதோட கூடையில விட்டேன். சாயங்காலம் ஒரு குஞ்சு தடுமாறி கருப்பி பக்கம் போயிருக்கு, மண்டையிலயே கொத்திப் போட்டுருச்சு. கையில எடுக்கும்போது இன்னும் சூடு இருந்துச்சு. ராத்திரி சோறு இறங்கல எனக்கு.

இப்ப செவலைகிட்ட 5 குஞ்சும் 10 முட்டையும் இருக்கு, அதுல எது நான் வச்சது எது மத்ததுங்க விட்டதுன்னு தெரியாது. கருப்பி 14 நாள் முட்டையில உக்கார்ந்திருக்கு. கழுத்துல இறகில்லாத கழுத்தறுத்தான் ஒண்ணு முட்டை இல்லாத பெட்டியில மூணு நாளா படுத்திருக்கு, பெருவிடை வைக்கோல் மேல படுத்துக்கிட்டு கிட்டப் போனாலே கொத்துது. நாலையும் ஒரே பட்டியில வச்சுக் காப்பாத்த முடியுமா, இல்ல ரெண்டைக் கலைச்சு விட்டுடறதா?

கொடாப்பு_தாராபுரம்

அம்மணி, குஞ்சு போனது வருத்தந்தானுங்க, ஆனா கருப்பி மேல கோவிச்சுக்காதீங்க. அடையில இருக்கிற கோழிக்குத் தன் முட்டை பொரியற வரைக்கும் பெரும்பாலும் குஞ்சுங்கிற நெனப்பு வராது, பக்கத்துல வர்றதெல்லாம் எதிரிதான். ஒரு வாரம் கழிச்சு அதுக்கே குஞ்சு பொரிஞ்சிருந்தா அதே குஞ்சை றெக்கைக்குள்ள வாங்கியிருக்கும்.

முதல் வேலை இன்னைக்கு ராத்திரியே பண்ணோணும். இருட்டினதும் செவலையையும் அந்த 5 குஞ்சையும் கொட்டாயை விட்டு வேற எடத்துக்குக் கொண்டு போயி கொடாப்புல கவுத்துப் போடுங்க, உங்க ஊர்ல பஞ்சாரம்னு சொல்லுவீங்களே, கோழியைக் கவுத்து மூடற அந்தக் கூடைதான். பகல்ல எடம் மாத்தாதீங்க, கோழி எந்திரிச்சு பழைய எடத்துக்கே ஓடும். ராத்திரி தூக்கினா கோழிக்கு ஒண்ணுந் தெரியாது, விடிஞ்சு பார்க்கும்போது குஞ்சு பக்கத்துல இருக்கும், அங்கேயே நின்னுக்கும்.

அடுத்து முட்டை. செல்போன் டார்ச்சைப் போட்டு முட்டையோட அகல முனையில வெச்சு இருட்டுல பாருங்க. நீங்க வெச்ச 10ல பொரியாம நிக்கற பழைய 4 முட்டை உசுரோட இருந்தா முழுசும் இருட்டா இருக்கும், மேல காத்தறை மட்டும் வெளிச்சமா தெரியும், சிலதுல குஞ்சு மூக்கு அந்தக் காத்தறைக்குள்ள நிழல் மாதிரி ஆடும். காதுல வெச்சா டிக்கு டிக்குன்னு சத்தங்கூட கேக்கும். மத்தது விட்ட முட்டையில ரத்த நரம்பு ஓடும், பாதி இருட்டு பாதி வெளிச்சமா இருக்கும். ஒண்ணுமே இல்லாம மஞ்சளா தெரிஞ்சா அது கூமுட்டை. உள்ள ஒரு ரத்த வளையம் மட்டும் நின்னிருந்தாலோ தண்ணியாட்டம் அலம்பினாலோ கரு செத்துப்போச்சுன்னு அர்த்தம், அதை உள்ள வெச்சிருந்தா வெடிச்சு மத்த முட்டையெல்லாம் கெடுத்துப்போடும்.

ஆறின 9 முட்டையை அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டறாதீங்க. 14 நாள் கரு கொஞ்சம் தாக்குப்புடிக்கும், இந்த மாசி வெயில்ல கொட்டாய்க்குள்ள மதியம் எப்படியும் வெக்கையாத்தான் இருந்திருக்கும். ரெண்டு நாள் கருப்பிக்கு அடியிலயே விட்டு அப்புறம் டார்ச் அடிச்சுப் பாருங்க.

அவயக்கோழி

தங்கச்சி, நான் திசையன்விளை பக்கம். எங்க ஊர்ல அடைன்னு சொல்ல மாட்டோம், அவயம்னுதான் சொல்லுவோம். நாலு கோழி ஒரே சமயத்துல அவயம் படுக்குறது பெரிய காரியம், அதைக் கலைச்சு விடணும்னு நினைக்காதீங்க. வேலையை ஒழுங்கா பிரிச்சுக் கொடுத்தா அதுங்களே பாத்துக்கும்.

பழைய 4 முட்டை பத்தி ஒண்ணு சொல்றேன். முதல் குஞ்சு பொரிஞ்சு ரெண்டு நாள் தாண்டினா தாய்க்கோழி குஞ்சைக் கூட்டிட்டு எந்திரிச்சிரும், மிச்ச முட்டை உள்ள உயிர் இருந்தாலும் ஆறிப் போயிரும். ஒரே கோழி வச்சிருக்கிற வீட்டுல இப்படித்தான் கடைசி ரெண்டு குஞ்சு முட்டைக்குள்ளயே சாகுது. உங்களுக்கு இன்னொரு அவயக்கோழி இருக்கே. அந்த 4 முட்டையைக் கருப்பிக்கு அடியில மாத்துங்க. பொரிஞ்ச குஞ்சை அங்கயே விடாதீங்க, ஈரம் காஞ்சு பஞ்சு மாதிரி ஆனதும் அன்னைக்கு ராத்திரியே செவலைகிட்ட சேர்த்துருங்க. பிறந்து ரெண்டு நாளுக்குத் தீனி இல்லாட்டியும் குஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது, வயித்துல மஞ்சக்கரு இருக்கும்.

கொடாப்பு தம்பி சொன்ன மாதிரி டார்ச் அடிச்சுட்டு, கருப்பி முட்டை வயசுக்கு ஒத்து வர்ற முட்டை ஏதாவது இருந்தா அதையும் அதுகிட்டயே விடுங்க. ஒரு வாரம் பத்து நாள் பிந்தினது இருந்தா அதை மட்டும் விட்டுருங்க, அதுக்காகக் கோழி ஒரு மாசம் உக்கார்ந்து மெலியக் கூடாது.

இன்னொரு முக்கியமான காரியம். அவயத்துக்கு வைக்கிற முட்டையில பென்சிலால சுத்தி ஒரு கோடு போடுங்க. எங்க அம்மா அடுப்புக்கரியால போடுவாவ. தினம் கோழி தீனிக்கு எந்திரிக்கும்போது கூடையைப் பாத்தா கோடு இல்லாத முட்டை கண்ணுல பட்டுரும், அன்னைக்கே எடுத்துரலாம். கூடைக்குள்ள இரும்புத் துண்டும் வத்தலும் போடுற பழக்கம் உண்டு, இடிக்கு முட்டை கலங்காதுன்னு சொல்லுவாவ, அது அவங்கவங்க நம்பிக்கை. ஆனா கோட்டை மட்டும் மறக்காதீங்க.

கிணத்துமேடு

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு மேல நானும் எங்க வீட்டுக்காரரும் உக்கார்ந்து எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டோம்.

செவலை கூடையில இருந்த 10ல 4 நல்லா இருட்டா இருந்துச்சு, ரெண்டுல மூக்கு ஆடறது தெரிஞ்சது, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. ரெண்டு கூமுட்டை. மிச்சம் 4ல நரம்பு ஓடுது. கருப்பி முட்டை 9ல 6 நல்லா இருக்கு. 3ல சிவப்பு வளையம் மட்டும், அதை எடுத்துட்டேன். அந்த 6 கூட இந்த 4 நரம்பு முட்டையும் சேர்த்து 10, எல்லாத்துக்கும் பென்சில் கோடு போட்டுட்டேன். கூடவே பழைய 4ம் தற்காலிகமா கருப்பிகிட்டயே இருக்கு.

செவலையை 5 குஞ்சோட திண்ணைக்குக் கீழ பஞ்சாரத்துல கவுத்தாச்சு. காலையில ஒரு சத்தமும் இல்ல, அமைதியா இருக்கு.

பல்புச்சூடு

தப்பா எடுத்துக்க வேணாம், நான் வேற கருத்து சொல்றேன். இத்தனை கோழி, இத்தனை சண்டை, எதுக்கு இந்த அவஸ்தை? பொரிஞ்ச குஞ்சு எல்லாத்தையும் எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில போட்டு மேல பல்பு கட்டுங்க. முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு ஒரு மூணு டிகிரி குறைச்சா போதும். குஞ்சு பல்புக்கு அடியில மொய்ச்சா சூடு பத்தல, ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தா சூடு அதிகம், பரவலா படுத்திருந்தா சரி. கோழியும் ரெண்டு மூணு வாரத்துல மறுபடி முட்டைக்கு வந்துரும். குஞ்சோட விட்டா ரெண்டு மாசம் சும்மாதான் சுத்தும். சிறுவிடை ஒரு ஈட்டுக்கு விடறதே 12, 15 முட்டைதான், அதுல அடைக்கு 21 நாள், குஞ்சு மேய்க்க ரெண்டு மாசம்னா வருஷத்துக்கு எத்தனை ஈடு கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க.

கொடாப்பு_தாராபுரம்

கணக்கு சரிதானுங்க பல்பு தம்பி, விக்கறதுக்கு வளர்த்தறவங்களுக்கு அது ஒத்து வரும். ஆனா அம்மணி வெச்சிருக்கிறது மேய்ச்சல் கோழி. பெட்டியில வளர்ந்த குஞ்சை ஒரு மாசத்துல தோட்டத்துல விட்டீங்கன்னா பருந்து வர்றது அதுக்குத் தெரியாது. தாய் கூட வளர்ந்தது, தாய் ஒரு சத்தம் போட்ட உடனே செடிக்கடியில அசையாம உக்காரும், அதை நாம கத்துக்குடுக்க முடியாது. கரையான் எங்க இருக்குது, எந்தப் புழுவைத் திங்கலாம்னு காலால சீச்சிக் காட்டறதும் தாய்தான். அப்புறம் கரண்டு போற ஊருக்கு பல்பை நம்பி என்ன பண்றது?

பல்புச்சூடு

கரண்டு விஷயம் ஒத்துக்கிறேன். போன ஐப்பசியில ராத்திரி மழையில கரண்டு போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கி 11 குஞ்சு போச்சு எனக்கு. தாய் இருந்திருந்தா அது நடந்திருக்காது.

மாடிக்கோழி_ஆவடி

இடையில ஒரு கேள்வி. எனக்கு மாடியில 5 கோழிதான், சேவல் கிடையாது. ரெண்டு அடை படுத்துட்டு மூணு வாரமா எந்திரிக்கவே மாட்டேங்குது, கொண்டையெல்லாம் வெளுத்துப் போச்சு. பாட்டி தண்ணியில முக்கி எடு, மூக்குல இறகைக் குத்து அப்படீங்கறாங்க, எனக்கு மனசு வரல. வேற வழி இருக்கா?

அவயக்கோழி

இறகு குத்துறது வேண்டாம் தம்பி, அது புண்ணாகி மூச்சு விட முடியாம போயிரும். நானும் சின்ன வயசுல பாத்திருக்கேன், இப்ப செய்யுறதில்ல. கோழிக்கு அடிவயிறு கதகதன்னு இருக்கிற வரைக்கும் அவயப் புத்தி போகாது. அடியில காத்து ஓடுற மாதிரி கம்பி வலை போட்ட கூண்டுல வச்சு, ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. உள்ள வைக்கோல் சாக்கு ஒண்ணும் போடாதீங்க, தீனி தண்ணி மட்டும். நல்ல வெளிச்சத்துல வைங்க. மூணு நாலு நாள்ல சரியாயிரும். வெளிய விட்டதும் மறுபடி பெட்டிக்கு ஓடினா இன்னும் ரெண்டு நாள். முட்டையை அன்னன்னைக்கு எடுத்துருங்க, குவிஞ்சு கிடக்கிறதைப் பாத்தா படுக்கணும்னு தோணும் அதுக்கு.

வீட்டுல முட்டைக்கு மட்டும் கோழி வேணும்னா சிறுவிடை வாங்காதீங்க. நாமக்கல் பண்ணைகள்ல இருக்கிற லெகார்ன் வம்சத்துக்கு அவயப் புத்தியே கிடையாது, அதை எடுத்துட்டுத்தான் வளத்திருக்காங்க.

மருந்தகத்துத்_தம்பி

கால்நடை மருந்தகத்துல வேலை பார்க்கிறேன், என் பங்குக்கு மூணு விஷயம்.

தீனி முதல்ல. பெரிய கோழிக்கு வாங்கின முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சு சாப்பிட விடாதீங்க. அதுல சுண்ணாம்புச்சத்து மூணரை நாலு சதவீதம் இருக்கும், குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும். தொடர்ந்து சாப்பிட்டா சிறுநீரகம் கெட்டுப் போகும். ஒரே பட்டியில தாயும் குஞ்சும் மத்த கோழிங்களும் இருக்கும்போது தனித்தனியா தீனி போடறது முடியாத காரியம், அதனால எல்லாத்துக்கும் குஞ்சுத் தீவனமே போட்டுட்டு, முட்டை விடற கோழிக்குக் கிளிஞ்சலைத் தனியா ஒரு சட்டியில வச்சிருங்க, தேவைப்பட்டது அதுவே போய்க் கொத்திக்கும். அடைக்கோழிக்கு மட்டும் கம்பு சோளம் போதும், அது எப்படியும் கொஞ்சம்தான் திங்கும்.

அடுத்தது ரத்தக்கழிச்சல். வயசு வித்தியாசத்துல குஞ்சுங்களைக் கலக்கறதுல நான் பயப்படறது இதுக்குத்தான், கொத்துறதுக்குக் கூட இல்ல. பெரிய குஞ்சு எச்சத்துல அந்தக் கிருமி முட்டை வெளிய வரும், அதுக்கு ஒண்ணும் ஆகாது, ஈரமான உமியில ரெண்டு நாள்ல அது பக்குவமாகி மூணு நாலு வாரக் குஞ்சு வயித்துக்குள்ள போனா ரத்தம் ரத்தமா கழியும். பஞ்சாரம் வைக்கிற எடத்தை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நகர்த்துங்க, தண்ணித் தட்டைக் கல்லு மேல வைங்க, ஈர உமியை அன்னைக்கே வாரிப் போடுங்க.

மூணாவது வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து. 7வது நாள் வாக்குல கண்ணுல இல்ல மூக்குல ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி லசோட்டாங்கிற சொட்டு மருந்து, 8வது வாரம் றெக்கைக்கு அடியில ஊசி. இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் என்னன்னா ஒரு குப்பியில நூறு குஞ்சுக்கு மேல போடற மருந்து இருக்கும், கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. உங்ககிட்ட இன்னைக்கு 5, அடுத்த வாரம் 8, அதுக்கடுத்து 10ன்னு பொரிஞ்சா ஒவ்வொரு தடவையும் ஒரு குப்பி வீணாகும், வீணாகுதேன்னு போடாமலே விட்டுருவாங்க, அப்புறம் ஒரு கோடையில மொத்தமும் காலி. அதனால அடை வைக்கிறதே ஒரே நாள்ல வைக்கணும்னு சொல்றேன். ஒரு கோழி படுத்தா உடனே நல்ல முட்டையை வைக்காதீங்க, ரெண்டு கூமுட்டையை வச்சு உக்கார வைங்க, இன்னொண்ணும் படுக்கட்டும், அப்புறம் ஒரே ராத்திரியில ரெண்டுக்கும் வைங்க. சேர்த்து வச்ச முட்டை ஒரு வாரத்துக்கு மேல பழசா இல்லாம பார்த்துக்கோங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களையும் கேட்டு ஒரே நாள்ல மருந்து போட்டுக்கலாம். தை மாசி வாக்குல அரசாங்கமே ரெண்டு வாரம் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும், அதை விடாதீங்க.

கிணத்துமேடு

தம்பி, இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்ல. போன வருஷம் சித்திரையில 22 உருப்படி ஒரே வாரத்துல போச்சு, கழுத்தைத் திருகிக்கிட்டு, பச்சையா கழிஞ்சு. மருந்து நாலைஞ்சு குஞ்சுக்காக எதுக்குன்னு விட்டதுதான் காரணம்.

நீங்க சொன்னபடியே கழுத்தறுத்தானுக்கும் பெருவிடைக்கும் இன்னைக்கு ராத்திரி ஒண்ணா வைக்கப் போறேன். ஒரு வாரத்து முட்டை 21 இருக்கு, பெருவிடைக்கு 12, கழுத்தறுத்தானுக்கு 9. ரெண்டையும் கொட்டாய் மூலையில வைக்காம விறகு அறையில ஆளுக்கொரு பக்கம் வச்சு மேல பஞ்சாரம் கவுத்தறேன், தினம் சாயங்காலம் 20 நிமிஷம் மட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணு திறந்து விடலாம்னு இருக்கேன்.

நேத்து நடந்ததைச் சொல்லணும். கருப்பிகிட்ட வச்ச பழைய 4ல ரெண்டு பொரிஞ்சிருச்சு, ரெண்டு ஓட்டைக் கொத்திட்டு உள்ளயே செத்துப் போச்சு. ராத்திரி டார்ச்சை சிவப்புத் துணியில சுத்திக்கிட்டு அந்த ரெண்டு குஞ்சையும் மடியில போட்டு எடுத்துட்டுப் போனேன். செவலை பஞ்சாரத்தைக் கொஞ்சமா தூக்கி, பின்பக்கமா கையை விட்டு ஒண்ணை அடியில தள்ளினேன். செவலை உடம்பை ஒரு தடவை உப்பிச்சு. நான் கையை எடுக்கல, அடுத்த நிமிஷம் கொத்தினா இழுத்துடணும்னு இருந்தேன். அது தொண்டைக்குள்ளயே க்ளொக் க்ளொக்னு மெதுவா ஒரு சத்தம் கொடுத்துச்சு. வர்ற வழியெல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்திட்டு வந்த குஞ்சு அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே குரலை இறக்கி முணுமுணுன்னு ஆயிருச்சு, என் விரல் மேல இருந்து நகர்ந்து உள்ள போயிருச்சு. ரெண்டாவதையும் விட்டேன். காலையில ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தா 7 தலை வரிசையா றெக்கைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு.

அவயக்கோழி

கண்ணுல தண்ணி வந்துட்டு தங்கச்சி. அந்தச் சத்தத்தைத்தான் குஞ்சு முட்டைக்குள்ள இருக்கும்போதே கேட்டுப் பழகுது.

கூடையை ஒரு தடவை நல்லா பாருங்க, செல்லு, அதான் கோழிப்பேன், இருக்கும். ராத்திரி கூடையில வெள்ளைத் துணியைத் தேச்சுப் பாத்தா தெரியும். செல்லு ஏறினா கோழி தாங்க முடியாம முட்டையை விட்டு எந்திரிச்சிரும், இன்னொரு கூடைக்குப் போகும். உங்க கருப்பி கூடை மாறினதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம். பழைய வைக்கோலைக் கொளுத்திட்டு, கூடையை வெயில்ல காயப் போட்டு, அடியில மணல், மேல புது வைக்கோல், நடுவுல வேப்பிலையும் நொச்சியும் போட்டு வைங்க. தீனிக்கு இறக்கி விடுற எடத்துல சாம்பலும் புழுதியும் கலந்து ஒரு குழி வச்சா அதுவே குளிச்சிட்டு வரும்.

கரப்பு_கொடிகாமம்

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், எங்கட பக்கம் பஞ்சாரத்தைக் கரப்பு எண்டு சொல்லுவம். எங்கட அம்மா ரெண்டு கோழியளை ஒண்டாவே வளக்கிறவ, அக்கா தங்கச்சிக் கோழியள். ரெண்டுக்கும் ஒரே நாளிலை குஞ்சு பொரிச்சது, 17 குஞ்சு. முதல் அஞ்சு நாள் ரெண்டு கரப்பையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சவ, ஒண்டை ஒண்டு பாக்கலாம், கொத்தேலாது. ஆறாம் நாள் பின்னேரம் ஒண்டா திறந்து விட்டா, ரெண்டு மூண்டு தரம் கழுத்து மயிரை விரிச்சுக்கொண்டு நிண்டுதுகள், பிறகு சரி. காகம் வந்தா ரெண்டும் சேந்து துரத்தும். ஆனா வேற வேற நாளிலை பொரிச்ச கோழியளை இப்பிடி விடேலாது, சின்னக் குஞ்சைப் பெரிய குஞ்சின்ரை தாய் விடாது.

கொடாப்பு_தாராபுரம்

கரப்புத் தம்பி சொல்றதுதான் நானும் பார்த்ததுங்க. அம்மணி, செவலையும் கருப்பியும் ஒரு வார வித்தியாசம், அதுங்களை ஒண்ணா விட வேண்டாம். செவலையைக் காலையில திறந்து விட்டா கருப்பியை மதியத்துக்கு மேல விடுங்க. தீனியும் ஒரே எடத்துல கொட்டாம நாலஞ்சு எடத்துல தள்ளித் தள்ளிப் போடுங்க.

குஞ்சுக்குன்னு தனியா ஒரு தீனி எடம் வேணும். பழைய பஞ்சாரத்தை நாலு பக்கமும் கல்லு வெச்சு நாலு விரக்கடை தூக்கி வெச்சுப் போட்டீங்கன்னா குஞ்சு மட்டும் அடியில பூந்து போகும், பெருசு தலையை மட்டுந்தான் விட முடியும். நடுவுல தட்டை வெச்சிருங்க. தண்ணித் தட்டுல கூழாங்கல்லு போடுங்க, இல்லாட்டி சின்னது முங்கிப் போகும்.

கிணத்துமேடு

பத்து நாள் கழிச்சு வர்றேன், வேலை சரியா போச்சு.

கருப்பிக்கு 10ல 8 பொரிஞ்சுது. ஒண்ணு மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே வந்துச்சு, அதைச் செவலைகிட்ட கொண்டு போயிருக்கலாம், ஆனா செவலை குஞ்சுங்க ஆறு நாள் ஆயிருச்சேன்னு பயந்துட்டு அடுப்படியில ஒரு கூடையில துணியைப் போட்டு மேல 40 வாட் பல்பை எரிய விட்டு வச்சு, மத்தது பொரிஞ்ச ராத்திரி கருப்பிக்கு அடியில விட்டேன். அங்க ஒரு சிக்கல். கருப்பி குஞ்சு ஏழும் கருப்பும் சாம்பலுமா இருக்கு, இது மட்டும் சுத்த வெள்ளை. ராத்திரி ஏத்துக்கிச்சு, விடிஞ்சதும் பார்த்துட்டு ரெண்டு தடவை கொத்திச்சு. நல்லவேளை அங்கேயே நின்னேன். கண்ணுக்கு மேல லேசா ரத்தம், மஞ்சள் வச்சு விட்டேன்.

மறுநாள் ராத்திரி துணிஞ்சு செவலைகிட்டயே விட்டுப் பார்த்தேன், அதுகிட்ட ஏற்கனவே ரெண்டு வெள்ளை இருக்கு. ஒண்ணும் பண்ணல. வயசுல சின்னதுதான், ஆனா நிறம் பழகின நிறம்கிறதால விட்டுடுச்சு போல. இப்ப செவலைகிட்ட 8, கருப்பிகிட்ட 7.

மருந்தகத்துல பேசி, பக்கத்து ரெண்டு தோட்டத்துக்காரங்களையும் சேர்த்து 64 குஞ்சுக்கு ஒரே நாள்ல சொட்டு மருந்து போட்டாச்சு. ஃபிளாஸ்க்ல ஐஸ் போட்டு நானே வாங்கிட்டு வந்தேன்.

மருந்தகத்துத்_தம்பி

ரொம்ப சந்தோஷம் அக்கா. அந்த வெள்ளைக்குஞ்சு கண்ணுல ஈ மொய்க்காம மட்டும் பார்த்துக்கோங்க. நாலாவது வாரச் சொட்டையும் இதே மாதிரி சேர்த்துப் போட்டுருங்க.

கிணத்துமேடு

பெருவிடையும் கழுத்தறுத்தானும் ஒரே நாள்ல பொரிச்சிருச்சு, 21ல 17. பெருவிடை ஒரு முட்டையை மிதிச்சு உடைச்சது, மூணு கூமுட்டை. 17ஐயும் அன்னைக்கு ராத்திரியே பெருவிடைக்கு அடியில விட்டுட்டேன், நல்ல உடம்பு, றெக்கையை விரிச்சா ஒரு சொளகு அளவு இருக்கும். கழுத்தறுத்தானுக்கு இயல்பிலயே இறகு குறைவு, அது 9 குஞ்சை மூடறதே கஷ்டம். அதைக் கம்பிக்கூண்டுல மூணு நாள் வச்சேன், முதல் நாள் முழுக்க கத்திச்சு, எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, நாலாம் நாள் வெளிய விட்டதும் சேவல் கூட போயிருச்சு.

இப்ப மூணு தாயும் பட்டியில மூணு நேரத்துல மேயுது. பெருவிடையைப் பார்த்தாலே மத்த ரெண்டும் வேலி ஓரமா ஒதுங்கிக்குது. போன வாரம் பருந்து ஒண்ணு தாழப் பறந்துச்சு, கருப்பி ஒரே ஒரு சத்தம்தான் போட்டுச்சு, அதோட குஞ்சு மட்டுமில்ல, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த செவலை குஞ்சும் ஆமணக்குச் செடிக்கு அடியில பூந்துருச்சு. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் அசையல.

மொத்தம் 32 குஞ்சுல ஒண்ணைக் கீரி தூக்கிட்டுப் போச்சு, ஒண்ணு கால் ஊனமாகிச் செத்துருச்சு. 30 இருக்கு.

அவயக்கோழி

அந்தக் கீரி திரும்ப வரும், விறகு அறைக்கு அடியில சந்து இருந்தா கல்லு வச்சு அடைங்க. செவலை எப்ப குஞ்சைக் கொத்திப் பிரிச்சு விடுதுன்னு பாத்துக்கிட்டே இருங்க, பிரிச்சு விட்ட பிறகு குஞ்சுங்களுக்கு ராத்திரி அடைய ஒரு எடம் பழக்கிக் கொடுக்கணும், இல்லன்னா பெருவிடை பஞ்சாரத்துக்குள்ள போய்ச் சாகும்.

கிணத்துமேடு

விறகு அறைச் சந்துல கல்லு வச்சு அடைச்சாச்சு அக்கா. செவலை குஞ்சுங்க முருங்கை மரத்துக்குப் பக்கத்துல போட்ட பரண்ல ஏறப் பழகிருச்சு, அந்த வெள்ளை மட்டும் இன்னும் கீழ நின்னு கத்தும், நான் தூக்கி விடணும். முட்டை விட பெட்டி நாலு தனியா கிழக்குச் சுவர் ஓரம் வச்சுட்டேன், அடை வைக்கிற எடத்துக்குக் கதவு போட்டாச்சு. செவலை நேத்துல இருந்து மறுபடி முட்டைக்குக் கேறுது, கொண்டையும் சிவந்துருச்சு. பென்சிலை எடுத்து விறகு அறை நிலை மேல வச்சிருக்கேன்.